எல்லைக் கல்லும் நாற்சந்தியும்

சாலைகள் கூடும் இடங்களுக்குப் பெயரிட்ட தமிழர், கூடுகின்ற சாலைகளை எண்ணியே பெயரிட்டனர். மூன்று கூடினால் முச்சந்தி. நான்கு கூடினால் நாற்சந்தி. உள்ளே புகுந்தவன் புகுந்த வழியே திரும்ப வேண்டிய தெரு முட்டுச்சந்து. தேர் நிற்பதும் கூத்து நடப்பதும் பந்தல் போடுவதும் சந்தியிலே. முட்டுச்சந்தில் வீடு கட்டத் தயங்கியோரும் உண்டு. நகரங்கள் வளரும் வகையை ஆராயும் இக்கால அறிஞர்கள் கையாளும் அளவுகோலும் ஏறக்குறைய இதுவேதான்.

கனடாவிலுள்ள மெக்கில் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பாரிங்டன் லீ என்பவரும் கலிபோர்னியாவைச் சேர்ந்த மில்லார்ட் பால் என்பவரும் 2015ஆம் ஆண்டில் அமெரிக்கத் தெருக்களைப் பற்றியும், 2020ஆம் ஆண்டில் உலக நகரங்களின் தெருக்களைப் பற்றியும் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை தெருக்கள் கூடுகின்றன, முட்டுச்சந்துகள் எத்தனை, இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள நேர்த் தொலைவைவிடத் தெருவழியே செல்லும் தொலைவு எவ்வளவு கூடுதல் என்பவற்றையெல்லாம் கணினியின் துணைகொண்டு அவர்கள் எண்ணினர். அமெரிக்காவில் புதிதாகப் போடப்பட்ட தெருக்கள் 1990களின் நடுப்பகுதி வரையில் மேன்மேலும் துண்டுபட்டுக்கொண்டே வந்தன. அதன் பின்னரே சற்றுத் திரும்பின. உலகின் பெரும் பகுதிகளிலோ 1975க்குப் பிறகு தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் பரவும் போக்கு வளர்ந்தே வந்திருக்கிறது. இதுவே அவர்கள் கண்ட முடிவு.

இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைக்கும் விளக்கிவிடலாம். கட்டமிட்ட தாளில் நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு மூன்று என ஒன்பது கட்டங்களை எடுத்துக்கொண்டு, கோடுகளைத் தெருக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சுற்றாமல் செல்ல 20 வழிகள் உள்ளன. அதே தாளில் ஒரு மரத்தை வரைந்து அதன் கிளைகளைத் தெருக்கள் என்று கொண்டால், ஒரு கிளையின் நுனியிலிருந்து மற்றொரு கிளையின் நுனிக்குச் செல்ல ஒரே வழிதான். அடிமரம் வரையில் இறங்கி மீண்டும் ஏறவேண்டும். அடிமரத்தில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டால் கிளைகள் அத்தனையும் நின்றுபோகும். முன்னது வலை, பின்னது மரம். ஒரு நகரம் வலையாக வளர்ந்ததா, மரமாக வளர்ந்ததா என்பது பின்னர் எளிதில் மாற்றக்கூடியதன்று. மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகள் எத்தனையோ முறை இடிந்து எழுந்திருக்கின்றன. சித்திரை வீதியும் ஆவணி மூல வீதியும் மாசி வீதியும் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும் கோலம் மாறவில்லை. கட்டடத்தைவிடத் தெருவுக்கே ஆயுள் அதிகம்.

கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் இவ்விரண்டில் எவ்வகையில் வளர்ந்தன? அதற்குக் காரணம் யாது? இக்கேள்விக்கு விடை தேடுவோர், ஈயத்தில் தொடங்கி இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

ஈயம் இழுத்த தெருக்கள்

கோலாலம்பூர் பிறந்தபோது மரமாகவே பிறந்தது. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர், கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, கோம்பாக் ஆறு அதனோடு கலக்கும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து காட்டைக் கடந்து அம்பாங்குக்கு நடந்தனர். படகு வந்து நின்ற சேற்றுக் கரையே சரக்கு இறங்கும் துறையாயிற்று. துறையை அடுத்துச் சந்தை எழுந்தது. சந்தையிலிருந்து ஈயம் கிடைத்த ஒவ்வொரு திசைக்கும் ஒரு தடம் ஓடிற்று. அம்பாங், பூடு, பெட்டாலிங், பத்து எனப் பழைய தெருக்களுக்கு வழங்கிய பெயர்களில் பல, அத்தெரு சென்று சேர்ந்த சுரங்க ஊரின் பெயர்களே. அடிமரம் சந்தை, கிளைகள் ஈயத்தை நோக்கியவை. ஒரு சுரங்கத்திலிருந்து மற்றொரு சுரங்கத்துக்குச் செல்ல எவருக்கும் தேவை இருக்கவில்லை.

மரம் வலையாக மாறியது நெருப்பினாலும் நோயச்சத்தினாலும். 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரச் சுவரும் கொண்ட ஊர் ஒரே ஆண்டில் இருமுறை அழிந்தது. 1882இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கடைகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும், தெருக்களை அகலப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். ‘அஞ்சடி’ என்று நம் மக்கள் சொல்லும் ஐந்தடி நடைபாதை கடை முகப்புகளில் வரிசையாக ஓடத் தொடங்கியது இவ்வாறுதான். 1890இல் சுகாதார வாரியம் ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலவாளி எடுப்போர் கடைக்குள் புகாமல் பின்புறமாகவே வந்து செல்ல வேண்டும் என்பதற்காக, நெருக்கியடித்து நின்ற கடைகளின் முதுகுப்புறத்தில் சந்துகள் வெட்டப்பட்டன. காலரா முதலிய நோய்களுக்கு அஞ்சி வெட்டிய சந்து, நடப்பவனுக்குக் குறுக்கு வழியாயிற்று. நகரின் நடுப்பகுதியில் இன்றும் மழைக்கு நனையாமல், ஒரு தெருவை விட்டு மறு தெருவுக்குத் தாவித் தாவிச் செல்ல முடிகிறதென்றால் அதற்கு இந்த இரண்டுமே காரணம்.

அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் நகருக்குச் சற்றுத் தெற்கே இருந்தது. கப்பித்தான் யாப் ஆ லோய் சூளை வைத்த அந்தக் களிமண் நிலத்துக்கு ஆங்கிலேயர் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயரிட்டனர். சூளைகளுக்குப் பின் ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழகத்திலிருந்து வந்த தண்டவாளத் தொழிலாளரும், சிங்களரும் வந்தனர். 1894இல் தோன்றிய பௌத்த சங்கத்தின் விகாரையும், 1904இல் ஏற்பட்ட விவேகானந்த ஆசிரமமும், ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசாமி கோயிலும், மாதா கோயில்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லும் தொலைவில் அமைந்தன. தம்பிப்பிள்ளை சாலை, ஸ்காட் சாலை, ரொசாரியோ சாலை ஆகியவை நடுச்சாலையோடு ஏணிப்படிகளைப் போல இணைந்தன.

பிரிக்பீல்ட்ஸ் தெருக்கள் பின்னிய தெருக்களாயிருந்ததன் பயனை வேறு எவரையும்விட நன்கு அறிந்தவர்கள் கண் தெரியாதவர்கள். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி வாழவும் தொழில் செய்யவும் வந்த பார்வையற்றோர் பலர். கோலைத் தட்டிக்கொண்டு செல்லும் மனிதருக்குக் குறுகிய தெருக்களும் நெருங்கிய சந்திகளும் எண்ணிக் கொள்ளத்தக்க அடையாளங்கள். எட்டு வழிப் பாதையின் நடுவில் அவருக்கு அடையாளம் ஏது?

எனினும் பிரிக்பீல்ட்ஸ் உள்ளுக்குள் பின்னப்பட்ட அளவுக்கு வெளியோடு பின்னப்படவில்லை. ஒருபுறம் கிள்ளான் ஆறு. மறுபுறம் ரயில்வேயின் தண்டவாளக் களம். பங்சார் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. காலுக்கெட்டியதோ சுற்றி வளைத்துத்தான்.

ஒற்றை வாயில்

நகரத்தை விட்டுக் கிள்ளான் நோக்கிச் சென்றால் கதை வேறாகிறது. ரயில் வருமுன், கிள்ளானிலிருந்து வரும் சரக்கு, டாமன்சாரா என்னும் ஆற்றுத்துறை வரையில் படகிலும், பிறகு தரைவழியாகவும் கோலாலம்பூர் வந்தது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையில் 19½ மைல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890இல் பாலம் கட்டி அதைக் கிள்ளான் ஊருக்குள் கொண்டு சென்றனர். இருப்புப்பாதை ஒன்று, சடக்கு ஒன்று. பள்ளத்தாக்கின் நெடுகிலும் இவையே முதுகெலும்பு. ஊர்களுக்குப் பெயரும் இந்த முதுகெலும்பை அளந்தே வைக்கப்பட்டது. மலாயில் ‘பத்து தீகா’ என்றால் தமிழில் மூன்றாங் கட்டை. எங்கேயிருந்து மூன்று என்று கேட்பவன் ஊருக்குப் புதியவன்.

20ஆம் நூற்றாண்டின் முதல் பதின்மத்தில் எழுந்த இரப்பர் வேட்கையில் இந்தச் சடக்கின் இருமருங்கும் தோட்டங்களாயின. கிள்ளானைச் சுற்றி ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா. பத்து தீகா வட்டாரத்தில் ஈபோர், மிட்லண்ட்ஸ், சுங்கை ரெங்கம். அதற்கு அப்பால் சீபீல்ட். பூச்சோங் பக்கம் கேசல்பீல்ட், கின்ராரா. நகரை ஒட்டினாற்போல எஃபிங்ஹாம், பங்சார். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில், சில ஆயிரக்கணக்கில் ஏக்கர். நில அளவைப் படத்தில் இவை ஒட்டுப் போட்ட துணியைப்போல் காணப்படும். ஒட்டுக்களின் ஓரமெல்லாம் எல்லைக் கல்.

தோட்டத்துச் சாலைகள் எவ்வாறு அமைந்தன என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். நிரையிலிருந்து பால் சேகரிப்புக் கொட்டகைக்கு ஒரு செம்மண் பாதை. கொட்டகையிலிருந்து ஸ்டோருக்கும் ஆலைக்கும் அதைவிட அகலமான பாதை. ஆலையிலிருந்து சடக்குக்கோ ரயில் நிலையத்துக்கோ ஒரே ஒரு பாதை. மரத்தின் வடிவத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. பால் ஒரே இடத்துக்குத்தான் ஓட வேண்டும். ஆகவே பாதையும் ஒரே இடத்துக்குத்தான் ஓடியது. பக்கத்துத் தோட்டத்தோடு சாலையை இணைப்பதில் கம்பெனிக்கு ஒரு காசு இலாபமும் இல்லை.

கம்பெனிக்கு வேறொரு காரணமும் இருந்தது. வாயில் ஒன்றாக இருந்தால் வருவோர் போவோர் அனைவரும் கண்ணில் படுவர். ஆள் கட்டிக் கொண்டுவந்த தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடாமல் பார்க்கவும், சங்கம் பேச வருபவனை உள்ளே விடாமல் நிறுத்தவும் ஒற்றை வாயிலைப் போல் உதவுவது வேறில்லை. லயமும் கடையும் கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும் கோயிலும் உள்ளேயே இருந்தன. வெளியே போக வேண்டிய தேவையே தோன்றாதபடி ஓர் ஊர் அமைக்கப்பட்டது.

இது வெறும் ஊகமன்று. 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். அவர் கைது செய்யப்பட்டதும் கிளர்ச்சி மூண்டது, படை வரவழைக்கப்பட்டது, உயிர்களும் போயின. தொழிலாளர் கேட்டவற்றில் கூலி உயர்வு, கல்வி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல் ஆகியவை இருந்தன என்பதைப் பலரும் அறிவர். அந்தப் பட்டியலிலேயே இன்னும் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரையும் உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் சாலையைப் பற்றியவை. யார் வரலாம், எப்படி வரலாம் என்பதே அங்குப் பிரச்சினை.

இவ்வாறிருக்க, தோட்டத்தில் படத்தில் வராத வழிகளும் இருந்தன. நிரைகளின் ஊடே, வாய்க்காலின் மேல் ஒரு கட்டையைப் போட்டுக் கடந்து, எல்லைக் கல்லையும் தாண்டி அடுத்த தோட்டத்துத் திருவிழாவுக்கும் பெண் கொடுத்த வீட்டுக்கும் இழவுக்கும் சென்ற ஒற்றையடிப் பாதைகள் அவை. தோட்டத்துச் சாலை மரமென்றால், தோட்டத்து மக்களின் காலடி வலை. நில அளவையாளர் அதை அளக்கவில்லை. கம்பெனி அதைக் கணக்கில் வைக்கவில்லை. பின்னர் நிலம் கைமாறியபோது விற்பனைப் பத்திரத்தில் அதற்கு இடமும் இல்லை.

கேட்கப்படாத ஒருவர்

எல்லைக் கல்லே தெருவின் வடிவத்தைத் தீர்மானித்துவிடும் என்பதை முன்கூட்டிக் கண்டவர் ஒருவர் இருந்தார். நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் அரசாங்க நகரமைப்பாளராகப் பணியாற்றிய சார்லஸ் ரீட் என்பவர் 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் நகரமைப்பாளராக வந்தார். தனித்தனி உடைமைகளை ஒன்றாகச் சேர்த்து, தெருக்களை முதலில் வகுத்து, பின்னர் நிலத்தை உரியவர்களுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய முறைகளுள் ஒன்று. 1923இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நிலமுடையோர் எதிர்த்தனர், 1927இல் அதன் இடத்தில் வலுக்குறைந்த வேறு சட்டம் வைக்கப்பட்டது. 1920களின் முடிவில் ரீட் மலாயாவை விட்டு நீங்கினார். அன்று தோட்டங்கள் தோட்டங்களாகவே இருந்தபடியால் இழந்தது இன்னதென்று எவருக்கும் விளங்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்தே அது விளங்கியது.

துண்டாடல்

1952இல் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க அரசாங்கமே எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் பெட்டாலிங் ஜெயாவைத் தொடங்கியது. ஒரே கை வகுத்த ஊராதலால் அதன் பழைய பகுதியில் தெருக்கள் ஓரளவு பின்னியே அமைந்தன. எண்களால் பெயர் பெற்ற தெருக்கள் சலிப்பூட்டினாலும் வழி தவறுவோர் குறைவு. 1950களின் பிற்பகுதியில் கூட்டரசு நெடுஞ்சாலை உருவானதும் கிள்ளானும் கோலாலம்பூரும் ஒரே மூச்சில் செல்லும் தூரமாயின.

அதே ஆண்டுகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அன்று ஏடுகள் நாள்தோறும் எழுதிய துயரம் அது. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். ஆனால் நகருக்கு அருகில் நிலத்தின் விலை வெள்ளியில் ஏற ஏற, கூட்டுறவின் கை அங்கு எட்டவில்லை. பிரிக்பீல்ட்ஸ் நடுச்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது துண்டாடல் 1970களில் தொடங்கியது. இம்முறை வாங்கியவை வீடமைப்புக் கம்பெனிகள். சில இடங்களில் தோட்டக் கம்பெனிகளே வீடமைப்புக் கம்பெனிகளாயின. 1974இல் சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா எழத் தொடங்கியது. சுங்கை ரெங்கம் வட்டாரத்தில் எழுந்த ஷா ஆலம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. எஃபிங்ஹாமில் எஞ்சிய பகுதி பண்டார் உத்தாமாவாகவும், வடக்குக் கிள்ளானில் புக்கிட் ராஜா பண்டார் புக்கிட் ராஜாவாகவும், நார்த் ஹம்மோக் தோட்டம் செத்தியா ஆலமாகவும் மாறின.

வீட்டைக் கட்டுபவர் தம் எல்லைக்குள் மட்டுமே தெரு போடுகிறார். பக்கத்து நிலம் அன்று இன்னும் இரப்பராகவோ செம்பனையாகவோ நிற்கிறது. அங்கே தெருவை நீட்டி யாருக்கு என்ன பயன்? எனவே எல்லையோரமாகப் பெருங்கால்வாயை வெட்டி, கடைசி வரிசை வீடுகளை அதற்கு முதுகு காட்டும்படி கட்டிவிடுகிறார். பத்து ஆண்டுகள் கழித்துப் பக்கத்து நிலமும் வீடுகளாகும்போது அதன் உரிமையாளரும் அவ்வாறே செய்கிறார். முதுகும் முதுகும் பார்த்து நிற்கின்றன. தோட்டத்துக்கு இருந்த ஒற்றை வாயிலே தாமானுக்கும் வாயிலாகிவிடுகிறது. பின்வேலிக்கு அப்பால் உலரும் துணி தெரியும் அண்டை வீட்டுக்குப் போக, வெளியே வந்து, பெருஞ்சாலையில் ஏறி, திரும்பும் இடம் தேடித் திரும்பி, அடுத்த வாயிலில் நுழைய வேண்டும். கால்வாயின் மேல் ஒரு கட்டையைப் போட்டால் முடிந்திருக்கக் கூடிய வேலை!

முட்டுச்சந்து அமெரிக்காவிலிருந்து வந்த நாகரிகம் என்று சிலர் கருதுவர். 1929இல் நியூ ஜெர்சியில் கட்டப்பட்ட ராட்பர்ன் என்னும் ஊர் அதற்குப் புகழ் பெற்ற முன்மாதிரிதான். ஆனால் ராட்பர்னில் முட்டுச்சந்து மோட்டார் வண்டிக்கு மட்டுமே. வீடுகளின் மறுபுறம் நடப்போருக்கெனத் தனிப் பாதைகளும் சாலைக்கு அடியில் சுரங்க வழியும் அமைத்தனர். உலகம் முழுவதும் நகலெடுத்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த நாகரிகம் வேரூன்ற இடம் ஏற்கனவே பண்படுத்தப்பட்டிருந்தது எனலாம். அமைதியான தெருவில் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடுகிறார்கள் என்பதையும் மறுக்கலாகாது. அந்த அமைதிக்கு விலை கொடுப்பவன் தெருவின் உள்ளே இல்லை, அடிமரத்தில் வரிசையில் நிற்கிறான்.

1974இல் கூட்டரசுப் பிரதேசமானபோது கோலாலம்பூரின் பரப்பு 93 சதுர கிலோமீட்டரிலிருந்து 243 ஆகப் பெருகியது. 1957 கணக்கெடுப்பில் நகர மக்கள் சுமார் 3 லட்சத்து 16 ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சம். அதற்கு வெளியே, கிள்ளான் வரையிலும் பள்ளத்தாக்கு முழுதும் இதைவிடப் பன்மடங்கு. பரப்பு பெருகியபோது பெயர்களும் பெருகின. பழைய ஆற்றுத்துறையின் பெயரான டாமன்சாராவை டாமன்சாரா உத்தாமா, டாமன்சாரா ஜெயா, டாமன்சாரா பெர்டானா, கோத்தா டாமன்சாரா, முத்தியாரா டாமன்சாரா, ஆரா டாமன்சாரா, பண்டார் ஸ்ரீ டாமன்சாரா என்று ஏழெட்டு இடங்கள் தாங்குகின்றன. டாமன்சாராவில் கல்யாணம் என்று மட்டும் பத்திரிகை அச்சடிப்பவர் விருந்தினரைப் பட்டினி போட விரும்புபவராகவே இருக்க வேண்டும்.

மரங்கள் பல தனித்தனியே வளர்ந்தபின் அவற்றை இணைக்க நெடுஞ்சாலை ஒன்றே வழியாயிற்று. 1990இல் புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை, 1999இல் டாமன்சாரா பூச்சோங் விரைவுச்சாலை, 2004இல் புதிய பந்தாய் விரைவுச்சாலை என அடுத்தடுத்து எழுந்தன. 2005இல் திறக்கப்பட்ட ஒன்று கத்ரி தோட்டக் கம்பெனியின் பெயரையே தாங்கியது. அது ஓடிய நிலமும் அக்கம்பெனியின் தோட்ட நிலமே. செத்தியா ஆலத்தை விரைவுச்சாலையோடு இணைத்த சந்திப்பை 2006இல் வீடமைப்பாளரே கட்டித் திறந்தார். தோட்டத்துக்குச் சடக்கில் ஒரு வாய் திறந்ததைப் போன்றதே இதுவும். விரைவுச்சாலை தூரத்து ஊரை இணைக்கிறது. அருகிலுள்ள ஊரைப் பிரிக்கிறது. அதில் நடப்பவனுக்கு இடமில்லை. கடப்பவனுக்கும் மேம்பாலம் இருந்தால் உண்டு. பல இடங்களில் சுங்கமும் கட்ட வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் இருந்த சுங்கச் சாவடிகள் 2018 ஜனவரி முதல் நாள்தான் எடுக்கப்பட்டன. மூன்றாங் கட்டை என்றால் காசு கொடுக்கும் இடம் என்றே ஒரு தலைமுறை அறிந்திருந்தது.

பிரிந்ததை மீண்டும் தைப்பது எளிதன்று என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸே சான்று. தண்டவாளக் களம் இருந்த இடத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் ரயில்கள் பல கூடும் பெருஞ்சந்தி அது. 2003இல் துன் சம்பந்தன் சாலையின் மேல் மோனோரயில் வந்தது. அதன் நிலையத்துக்கும் கோலாலம்பூர் சென்ட்ரல் என்றே பெயர் வைத்தனர். பெயரில் சேர்ந்த இரண்டும் காலில் சேரவில்லை. பெட்டி படுக்கையோடு இறங்கியவர் வெயிலிலும் மழையிலும் சாலையைக் கடந்து நடந்தனர். 2014இல் இடையில் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டு, அதன் ஊடே வழி கிடைத்த பின்னரே இந்தச் சில நூறு அடி இணைந்தது. அதே காலத்தில் பழைய ரயில்வேக் குடியிருப்பின் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்வீடுகளின் இடையே நடந்து சென்றவர்களுக்கு அந்தச் சந்துகளும் போயின.

வாயிற்காவலன்

2000க்குப் பிறகு பள்ளத்தாக்கில் வேறொரு வழக்கம் பரவிற்று. திருட்டுக்கு அஞ்சிய குடியிருப்பாளர்கள் தங்கள் தாமானின் நுழைவாயிலில் தடுப்புக் கம்பும் காவற்சாவடியும் வைத்து, மற்றத் தெருவாய்களைப் பீப்பாய்களாலும் இரும்பு வேலியாலும் அடைத்தனர். தெரு பொதுத்தெருவே, காவலன் மட்டும் தனியார். 2010இல் வீடமைப்பு அமைச்சு இதற்கு வழிகாட்டி நெறிகளை வகுத்தது. அனுமதி பெற்ற காவற்சாவடியும் தடுப்புக் கம்பும் வழி மறிப்பு ஆகா, வந்துபோவதை ஒழுங்கு செய்வதே ஆகும் என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. காவற் கட்டணம் செலுத்தாத குடியிருப்பாளர் தாமே கம்பைத் தூக்கிக்கொண்டு செல்லலாம்.

திருட்டுப் பயம் பொய்யன்று. மாதக் கட்டணம் கட்டி நிம்மதியாகத் தூங்கும் குடும்பங்களைக் குறை கூறவும் இயலாது. ஆயினும் ஒவ்வொரு வேலியும் வலையில் ஓர் இழையை அறுக்கிறது. ஒரு தெருவாய் அடைபட்டால் அத்தெருவில் வாழ்வோருக்கு நட்டம் சிறிது. அதன் வழியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் சைக்கிளில் பள்ளி சென்ற பிள்ளைக்கும் நட்டம் பெரிது. அவர்கள் அந்தக் குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினரல்லர். கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கும் இல்லை. உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று 1941இல் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தடுப்புக் கம்பின் இருபுறமும் இருக்கின்றனர். சிலர் வீட்டுக்காரராக உள்ளே. சிலர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெளியே. சாவடியில் சீருடையணிந்து நிற்பவரும் சில வேளை அவர்களுள் ஒருவரே.

கிள்ளானின் பழைய நகரில் இன்னும் வேறுவிதமாகக் காணலாம். தெங்கு கிளானா சாலையிலிருந்து ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து ஆற்றைக் கடந்து வட கிள்ளானுக்கும் நடந்தே சென்றுவிடலாம். 1950களின் இறுதியில் கட்டிய கோத்தா பாலம் இரண்டு தட்டுக் கொண்டது. மேல்தட்டு மோட்டார் வண்டிக்கு, கீழ்த்தட்டு நடப்போருக்கும் சைக்கிளுக்கும். நடப்பவனுக்கென்று ஒரு தட்டையே ஒதுக்கிய அந்தப் பொறியாளரின் மனம் பின்வந்த பாலங்களில் அரிதாகவே காணப்படுகிறது. தீபாவளிக் காலத்தில் அந்தப் பழைய தெருக்களில் கூடும் கூட்டம், சுற்றிலுமுள்ள தாமான்களிலிருந்து மோட்டார் வண்டியில் வந்து, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, பிறகு இறங்கி நடக்கும் கூட்டமே.

தோட்டங்கள் மறைந்தாலும் அவற்றின் பெயர்கள் சில இடங்களில் நிலைத்திருக்கின்றன. பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. சுபாங் ஜெயாவில் சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி. கிள்ளானில் ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். பால்மரம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ‘தோட்டம்’ என்னும் சொல் பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிறது. அன்று லயத்திலிருந்து மணியோசை கேட்டபின் புறப்பட்டாலும் பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட முடிந்தது. இன்று அப்பள்ளிகளின் பிள்ளைகளில் பலர் விடியுமுன் எழுந்து, தாமான் தாமானாக நுழைந்து ஒற்றை வாயில்களின் வழியே மீண்டு வரும் பள்ளி வேன்களில் வந்து சேருகின்றனர்.